இஸ்லாமிய எழுத்துக்கலை: அணியா, யாப்பா?

முன்னுரை

எழுத்து, ஒலிக்கு இடப்பட்ட வடிவம். ஒலியைக் கண்ணுக்குப் புலப்படுத்துவதோடு அதன் பணி முடிந்தது என்றே நாம் பொதுவாக எண்ணுகிறோம். அரபு எழுத்தைத் தம் மறைநூலின் எழுத்தாகப் போற்றிய மக்களோ, அப்பணி முடியும் இடத்திலிருந்தே ஒரு பெருங்கலையைத் தொடங்கினர். ஸ்பெயின் நாட்டுக் கிரனாடா முதல் மலாய்த் தீவுக்கூட்டம் வரையில் பரவி, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்துவரும் அக்கலையை அரபியர் ‘கத்’ என்பர். துருக்கியர் ‘ஹுஸ்னி ஹத்’ என்பர். மலாய் மக்கள் ‘காட்’ என்பர். தமிழில் எழுத்தணி, வனப்பெழுத்து, சித்திர எழுத்து எனப் பெயர்கள் பல வழங்குகின்றன.

பெயர் பலவாதல் குற்றமன்று. ஆயினும், எழுத்தணி என்றும் சித்திர எழுத்து என்றும் கூறும்போது ஒரு கருத்து நம்மை அறியாமலே நம் உள்ளத்தில் படிந்துவிடுகிறது. எழுத்து முன்னரே இருக்கிறது; அதன்மேல் கொடியும் பூவும் சுருளும் பின்னர்ப் பூட்டப்படுகின்றன என்பதே அக்கருத்து. 2019ஆம் ஆண்டில், மலேசியத் தமிழ், சீனப் பள்ளிகளின் நான்காம் ஆண்டு மலாய்மொழிப் பாடத்தில் காட் எழுத்தை அறிமுகப்படுத்தும் திட்டம் அறிவிக்கப்பட்டபோது எழுந்த விவாதம் ஆசிரியர்களின் நினைவில் இருக்கும். ஆறு பக்கங்களா மூன்று பக்கங்களா, கட்டாயமா விருப்பமா என்ற வினாக்கள் விரிவாகப் பேசப்பட்டன. அவை கல்விக் கொள்கையைச் சார்ந்தவை. இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. ஆனால் அக்கலை யாது, அதன் நன்றும் தீதும் அறியும் வழி யாது என்னும் வினாக்கள் கலை பயில்வோர் அனைவர்க்கும் உரியவை. அவற்றிற்கு விடை காண முயல்வதே ஈண்டு நோக்கம். இக்கலையின் உயிர் அணியில் இல்லை, யாப்பில் உள்ளது என்பது இக்கட்டுரையின் துணிபு.

உருவத்திற்கு மாற்றா?

இக்கலையின் தோற்றம் பற்றிப் பலரும் எடுத்துரைக்கும் கூற்று ஒன்று உண்டு. உருவம் வரைதலை இஸ்லாம் விலக்கியது. ஆகவே ஓவியம் தீட்டியிருக்க வேண்டிய கை எழுத்தின்பால் திரும்பியது என்பதே அது. இக்கூற்றில் ஒரு பகுதி உண்மை இருக்கிறது. வழிபாட்டிடங்களில் உருவங்களுக்கு இடமில்லை; அவ்விடத்தைப் பெரும்பாலும் எழுத்தே நிரப்பியது. துருக்கிய எழுத்துக்கலைஞர் ஹாஃபிஸ் உஸ்மான் (1642–1698) ‘ஹில்யா’ என்னும் எழுத்துப் பலகைக்கு ஓர் அமைப்பு வகுத்தார். நபிகள் நாயகத்தின் தோற்றத்தையும் பண்பையும் விவரிக்கும் சொற்கள் அதில் வட்டத்துள் ஒழுங்குற எழுதப்படும். ஓவியம் நிற்கக்கூடிய இடத்தில் சொல் நிற்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எனினும், இதனையே முழுக் காரணமாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஹெராத், தப்ரீஸ், இஸ்தான்புல், ஆக்ரா ஆகிய நகரங்களின் அரசவைகளில் நூலோவியங்கள் ஏராளமாகத் தீட்டப்பட்டன. அரசரும் வீரரும் காதலரும், விலங்கும் பறவையுமாக உருவங்கள் நிறைந்தவை அவை. ஓவியம் அவ்வாறு தழைத்த அவைகளிலேயே எழுத்துக்கலைஞர் ஓவியரினும் உயர்வாக மதிக்கப்பட்டனர். அக்பர் அவையின் அறிஞர் அபுல் ஃபசல், தம் ‘அயினி அக்பரி’யில் இவ்விரு கலைகளையும் ஒருங்கு வைத்துப் பேசுமிடத்து எழுத்துக்கே முதன்மை தருகின்றார். எழுத்துக்கலை, தடையினால் பிறந்த வெறும் மாற்றுப்பொருளாக இருந்திருப்பின், தடை தளர்ந்த இடங்களில் அது தாழ்ந்திருக்க வேண்டுமன்றோ? அவ்வாறு நிகழவில்லை.

உண்மைக் காரணம், சொல்லின்பால் கொண்ட பெருமதிப்பேயாகும். குர்ஆன் என்னும் பெயரே ஓதுதல் என்ற பொருளுடையது. அதன் 68ஆம் அத்தியாயம் ‘எழுதுகோல்’ என்னும் பெயரைத் தாங்கியுள்ளது. எருசலேமில் கலீஃபா அப்துல் மாலிக் எழுப்பிய பாறைக் குவிமாடம் (691–692), இன்று நிற்கும் இஸ்லாமியப் பெருங்கட்டடங்களுள் மிகப் பழமையானது. அதன் உட்புறத்தில் ஏறத்தாழ 240 மீட்டர் நீளத்திற்கு எழுத்து வரிசை ஓடுகிறது. பிற்காலத்தில் கலீஃபா மாமூன், அதிலிருந்த அப்துல் மாலிக்கின் பெயரை நீக்கித் தம் பெயரைப் பதிக்கச் செய்தார். ஆண்டினை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டனர். அவ்வாண்டே உண்மையைக் காட்டிக்கொடுத்துவிட்டது. வேந்தனும் கவர்ந்துகொள்ள விரும்பும் செல்வமாக எழுத்து அத்தொடக்கக் காலத்திலேயே இருந்தமை இதனால் விளங்கும்.

எழுத்தின் இயல்பு

யாப்பினை ஆராயும் முன்னர் அரபு எழுத்தின் இயல்பினைச் சிறிது அறிதல் வேண்டும். அரபு நெடுங்கணக்கில் 28 எழுத்துகள் உள்ளன. வலப்புறமிருந்து இடப்புறமாக எழுதப்படும் அவை, பெரும்பாலும் ஒன்றோடொன்று கைகோத்து நிற்பன. சொல்லின் முதலில் ஒரு வடிவு, இடையில் ஒரு வடிவு, கடையில் ஒரு வடிவு, தனித்து நிற்குங்கால் ஒரு வடிவு என, பெரும்பாலான எழுத்துகள் இடத்திற்கேற்ப உருமாறும். ஒரே உடலை உடைய எழுத்துகளைப் புள்ளிகளே வேறுபடுத்தும். குற்றுயிர்களுக்குத் தனியெழுத்தில்லை, மேலும் கீழும் இடப்படும் சிறு குறிகளே அவற்றைக் காட்டும்.

அலிஃப், லாம் முதலிய எழுத்துகள் தூண்போல் நிமிர்ந்து நிற்பன. ‘பே’ முதலியன படகுபோல் கிடந்து நீள்வன. வேறு சில, கிண்ணம்போல் வளைந்து வரிக்குக் கீழே இறங்குவன. நிற்பனவும் கிடப்பனவும் வளைவனவும் ஒரு வரியில் மாறிமாறி வரும்பொழுது தாளம் ஒன்று இயல்பாகவே பிறக்கிறது. மேலும், கிடக்கும் கோட்டைத் தேவைக்கேற்ப நீட்டிக்கொள்ள இவ்வெழுத்து இடந்தரும். தமிழ்ச் செய்யுளில் ஓசை குறையுமிடத்து அளபெடை வந்து நிறைத்தல்போல், வரி குறையுமிடத்து இந்நீட்டம் வந்து நிறைக்கிறது. அளபெடையை விரும்பிய இடமெல்லாம் பெய்தால் செய்யுள் சிதையும். நீட்டத்தையும் கண்டவிடமெல்லாம் இட்டால் வரி சிதையும். எங்கு நீட்டலாம், எங்கு நீட்டலாகாது என்பதற்கு விதிகள் உள. இங்கேயே யாப்பு தொடங்கிவிடுகிறது.

அளவை கண்டோர்

இவ்வெழுத்திற்கு அளவை வகுத்தவராகப் போற்றப்படுபவர் பாக்தாதில் வாழ்ந்த இப்னு முக்லா (இறப்பு 940). அப்பாசியக் கலீஃபாக்கள் மூவரிடம் அமைச்சராக இருந்தவர் அவர். அவர் கண்ட முறை எளியது, ஆயினும் ஆழமானது. எழுதுகோலின் நுனியைத் தாளில் ஒருமுறை சாய்வாக வைத்து இழுத்தால் சாய்சதுரமான ஒரு புள்ளி பிறக்கும். அப்புள்ளியே அலகு. அலிஃபின் உயரம் இத்தனை புள்ளி. அவ்வலிஃபை விட்டமாகக் கொண்டு வரையும் வட்டத்தின் பகுதிகளே வளைவெழுத்துகளின் வளைவு. ஏனைய எழுத்துகளின் அகலமும் ஆழமும் புள்ளிக் கணக்கிலேயே அமைதல் வேண்டும். ஆசிரியர்க்கு ஆசிரியர் சிறிது வேறுபடினும், சுலுஸ் எழுத்தில் அலிஃப் பொதுவாக ஏழு புள்ளி உயரமும், நஸ்க் எழுத்தில் ஐந்து புள்ளி உயரமும் பெறும்.

இதன் நுட்பத்தை மாணவர்கள் உணர்தல் வேண்டும். அளவு வெளியிலிருந்து வந்த முழக்கோல் அன்று. எழுதும் கோலே அதனைத் தருகிறது. கோல் பருத்தால் புள்ளி பருக்கும். புள்ளி பருத்தால் எழுத்தும் அதே விகிதத்தில் பருக்கும். ஆதலின் உள்ளங்கையளவு ஏட்டிலும் மாளிகைச் சுவரிலும் எழுத்தின் விகிதம் மாறுவதில்லை. நம் எழுத்திலக்கணத்தில் மாத்திரை எதுவோ, அரபு எழுத்துக்கலையில் புள்ளி அதுவாகும் எனலாம்.

அரசியற் சூழ்ச்சியில் சிக்கிய இப்னு முக்லாவின் வலக்கை வெட்டப்பட்டது. வெட்டுண்ட கையில் எழுதுகோலைக் கட்டிக்கொண்டு அவர் எழுதினார் என்பது வழிவழி வரும் செய்தி. சிறையிலேயே அவர் மாண்டார். அவருடையது என்று ஐயமின்றிக் கூறத்தக்க எழுத்துப்படி ஒன்றேனும் இன்று இல்லை. கை போயிற்று, எழுதியது போயிற்று, அளவை மட்டும் நின்றது. ஒரு கலையின் உயிர் அதன் விதியில் இருப்பதற்கு வரலாறு தரும் சான்றுகளுள் இது தலையாயது.

அவ்விதியை மென்மையுறச் செய்தவர் வாயிற்காவலரின் மகனாகிய இப்னுல் பவ்வாப் (இறப்பு 1022). 1000–1001ஆம் ஆண்டில் அவர் நஸ்க் எழுத்தில் எழுதிய குர்ஆன் படி, அயர்லாந்தின் டப்ளின் நகரிலுள்ள செஸ்டர் பீட்டி நூலகத்தில் காக்கப்பட்டு வருகிறது. ஒரு சாண் உயரமும் இல்லாத சிறு ஏடு அது. ஆயிரம் ஆண்டுகட்கு முன் எழுதப்பட்ட அதனை, அரபு எழுத்தறிந்தார் இன்றும் தடையின்றிப் படிக்கலாம். அடுத்து வந்த யாக்கூத் அல் முஸ்தாசிமி (இறப்பு 1298), கோலின் நுனியைச் சாய்வாகச் சீவி, கோட்டின் பருமைக்கும் மென்மைக்கும் இடையே புதிய நயம் கண்டார்.

நஸ்க், சுலுஸ், முஹக்கக், ரைஹான், தவ்கீ, ரிகா என்னும் ‘ஆறு எழுத்துகள்’ இம்மூவர் மரபில் நிலைபெற்றன. அவற்றை வெறும் வடிவ வேறுபாடுகளாகக் கருதுதல் தவறு. வெண்பாவிற்குரிய பொருளும் ஆசிரியத்திற்குரிய பொருளும் வேறாதல்போல், ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய களம் உண்டு. தொடர்ந்து படிப்பதற்குரிய நூலுக்கு நஸ்க். தலைப்புக்கும் கட்டடத்திற்கும் சுலுஸ். அரசாணைக்கும் மடலுக்கும் வேறு. பாரசீகம் கவிதைக்கென நஸ்தாலிக் என்னும் சாய்வெழுத்தைப் பின்னர் வளர்த்தெடுத்தது. தாஜ்மகாலின் வாயில்களில் வெண்பளிங்கிற் பதித்த கரும்பளிங்கு எழுத்து சுலுஸ் ஆகும். அதனை அமைத்த அமானத் கான் தம் பெயரையும் அங்கே பொறித்துள்ளார். அம்மாளிகையில் தன் பெயரைப் பொறித்துச் சென்ற கலைஞர் எழுத்துக்கலைஞர் ஒருவரே என்பது கருதத்தக்கது.

கருவியும் பயிற்சியும்

நாணல் கோல், புகைக்கரியும் கருவேலம் பிசின் போன்ற பிசினும் கலந்த மை, முட்டை வெண்கருவும் படிகாரமும் பூசி வழவழப்பான கல்லால் தேய்த்த தாள் ஆகியவையே இக்கலையின் கருவிகள். மைப்பூச்சேற்ற அத்தாளில் பிழையை ஈரத்துணியால் துடைத்து நீக்கலாம். துடைக்க வழியிருந்தும் துடைக்கும் தேவை நேராதவாறு எழுதுவதே பயிற்சியின் குறிக்கோள்.

அப்பயிற்சி நம் ஆசிரியர்கள் கருத்தூன்றி நோக்கத்தக்கது. மாணவன் தனியெழுத்தில் தொடங்கி, ஈரெழுத்துக் கூட்டினைப் பயின்று, பின்னரே தொடருக்குச் செல்வான். ஆசிரியர் எழுதிக் கொடுத்த வரியைப் பார்த்து எழுதிக் கொணர்வான். ஆசிரியர் அதன் கீழே புள்ளியிட்டு அளந்து, பிழையுற்ற எழுத்தை மீண்டும் எழுதிக் காட்டுவார். ஒரே வரி பல வாரம் திரும்பத் திரும்ப எழுதப்படுவதும் உண்டு. ஆண்டுகள் பல கழிந்தபின் ‘இஜாசா’ எனப்படும் இசைவு வழங்கப்படும். துருக்கிய மரபில், அவ்விசைவு பெறும்வரை மாணவன் தன் எழுத்தின்கீழ்த் தன் பெயரை இடுதல் கூடாது. கற்றுத் துறைபோகும் முன்பே பெயர் பொறிக்க விழையும் இக்காலத்தார்க்கு இம்முறை கடுமையாகத் தோன்றலாம். ஆனால் அளவையே உயிராகிய கலையில் வேறு வழியில்லை.

படிக்க இயலாத எழுத்து

இனித் திறனாய்வாளர்க்குக் கடினமான ஒரு வினாவைக் காண்போம். சில எழுத்துப் பலகைகளை அரபு அறிந்தாரும் எளிதிற் படிக்க இயலவில்லை. படிக்க இயலாத எழுத்து, எழுத்தாகுமா? அணிக்கு யாப்பு அடிமையாகிவிட்டதற்கு அது அடையாளம் அன்றோ?

மூவகை நிலைகளைப் பிரித்தறிதல் வேண்டும். முதலாவது, சுல்தானின் பெயரைப் பின்னி வரையும் ‘துக்ரா’ போன்றவை. அது படிக்கும் வரி அன்று, அரச முத்திரை. கண்டவுடன் இன்னாருடையது என அறிந்தால் போதும். முத்திரையிலும் முஸ்தஃபா ராக்கிம் (இறப்பு 1826) போன்றோர் விகிதத்தைச் செம்மைப்படுத்தினர் என்பது அளவையின் ஆட்சி எத்துணை விரிந்தது என்பதைக் காட்டும்.

இரண்டாவது, பள்ளிவாசற் சுவரில் அடர்ந்து நிற்கும் சுலுஸ் வரிகள். அவற்றிலுள்ள மறைமொழிகள் தொழவருவோர் பலர்க்கு நெஞ்சில் முன்னமே பதிந்தவை. இரண்டொரு சொல் கண்ணிற்பட்டவுடன் எஞ்சியவை நினைவில் எழும். அங்கே எழுத்து கற்பிப்பதில்லை, நினைவூட்டுகிறது. இஸ்தான்புல்லின் ஆயா சோஃபியாவில் கசஸ்கர் முஸ்தஃபா இஸ்ஸத் (1801–1876) எழுதிய எட்டு வட்டப் பலகைகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7.5 மீட்டர் விட்டமுடையவை. அக்கட்டடம் காட்சியகமானபின் கீழே இறக்கப்பட்ட அவற்றை, வாயில் கொள்ளாமையால் வெளியே கொண்டுசெல்ல முடியவில்லை. 1949இல் மீண்டும் மேலேற்றினர். அப்பேரளவிலும் அவ்வெழுத்து பருத்துத் தோன்றாமல் நிற்பதற்குப் புள்ளிக் கணக்கின் ஒழுங்கே காரணம்.

மூன்றாவது, சொற்களைச் சிங்கமாகவும் பறவையாகவும் படகாகவும் வளைப்பதும், ஒரே தொடரைக் கண்ணாடி நிழல்போல் இருபுறமும் எழுதுவதும் ஆகும். இவற்றைக் கண்டால் தமிழாசிரியர்க்கு இரதபந்தமும் நாகபந்தமும் நினைவிற்கு வருதல் இயல்பு. சித்திரகவி புலவனின் திறத்திற்குச் சான்று. அது கொண்டு கவிதையின் தரத்தை அளப்பார் இலர். அதுபோன்றே இவ்வகைப் பலகைகளும் கைத்திறத்தின் விளையாட்டு. விளையாட்டை வெறுக்க வேண்டுவதில்லை. அதுவே கலை என மயங்குதலும் ஆகாது. நம்மிடையே ‘சித்திர எழுத்து’ என்ற பெயர் பரவியதற்கு இவ்வகைப் பலகைகளே கடைகளில் மிகுதியாகக் காணப்படுவதும் ஒரு காரணம் போலும்.

அவ்வாறாயின், அரபு அறியாத ஒருவர் இக்கலையை மதிப்பிடுதல் கூடுமா? ஓரளவிற்குக் கூடும். ஒரே எழுத்து மீண்டும் வருமிடங்களில் அதன் அளவு ஒத்திருக்கிறதா எனக் காண்க. பருங்கோடு மெலியுமிடத்தில் கோல் தயங்கியதா, ஒரே ஓட்டத்தில் சென்றதா என நோக்குக. எழுத்துகளுக்கு இடையிலுள்ள வெற்றிடம் ஓரிடத்தில் நெருங்கி ஓரிடத்தில் கலைந்து கிடக்கிறதா என ஆராய்க. இறுதியாக, சுற்றியுள்ள கொடியையும் பூவையும் பொன்னையும் கையால் மறைத்துப் பார்க்க. எழுத்து தனித்து நின்றால் அது தேறியது. விழுந்தால் அது வெறும் அலங்காரம். அணி நீங்கினும் செய்யுள் செய்யுளாக நிற்கும். யாப்பு நீங்கின் நில்லாது. பொருளை உணரும் இன்பம் மட்டும் மொழி கற்றார்க்கே உரியதாய் எஞ்சும். அக்குறையை மறைப்பது நேர்மையாகாது.

முறிவும் தொடர்ச்சியும்

1928ஆம் ஆண்டு நவம்பரில் துருக்கி, அரபு எழுத்தைக் கைவிட்டு லத்தீன் எழுத்தை மேற்கொண்டது. நாட்டு மொழியை எழுதப் பயன்படாத எழுத்தில் ஒரு கலை வாழ்தல் அரிது. எழுத்துக்கலைஞர் பலர் வேறு தொழில் நாடவேண்டியதாயிற்று. அந்நிலையிலும் ஹாமித் அய்தச் (1891–1982) போன்ற சிலர் கோலைக் கீழே வைக்கவில்லை. அவரிடம் இசைவு பெற்ற ஹசன் செலபி, பல நாட்டு மாணவர்களை உருவாக்கினார். 1986இல் இஸ்தான்புல்லிலிருந்து நடத்தப்பெற்ற முதல் அனைத்துலக எழுத்துக்கலைப் போட்டி ஹாமித் அய்தச்சின் பெயரால் அமைந்தது. 2021இல் அரபு எழுத்துக்கலையும் துருக்கியின் ஹுஸ்னி ஹத் மரபும் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன.

பட்டியல்களினும் வலிய சான்று ஒன்று பலர் வீட்டிலேயே உள்ளது. சிரியாவின் அலெப்போ வட்டாரத்தைச் சேர்ந்த உஸ்மான் தாஹாவும் ஹாமித் அய்தச்சிடம் இசைவு பெற்றவரே. மதீனாவில் 1984இல் தொடங்கப்பட்ட மன்னர் ஃபஹது அச்சகம் வெளியிட்டு உலகெங்கும் பரவிய குர்ஆன் பதிப்பு அவர் கையால் எழுதப்பட்டது. 604 பக்கங்கள், பக்கத்திற்குப் பதினைந்து வரிகள், ஒவ்வொரு பக்கமும் ஒரு வசனத்தின் முடிவோடு முடியும். எழுத்தை நெருக்கியும் நீட்டியும் அவ்வொழுங்கைக் காத்திருப்பதும், அவ்வாறு செய்தது படிப்போர் கண்ணுக்குத் தெரியாதிருப்பதும் யாப்பறிந்த கையின் வெற்றியாகும். அதில் பகட்டு ஏதுமில்லை. அதனாலேயே அதனைக் கலையென நாம் காணத் தவறுகிறோம்.

நம் மண்ணில்

இவ்வெழுத்து மலாய் மொழிக்கு ஜாவியாக வந்தது. பொதுவாக 1303ஆம் ஆண்டினது எனக் கொள்ளப்படும் திரங்கானுக் கல்வெட்டு அதன் பழஞ்சான்று. அரபில் இல்லாத மலாய் ஒலிகளுக்காக, இருக்கும் எழுத்துகளின்மேல் புள்ளிகள் கூட்டிப் புதிய எழுத்துகள் ஆக்கப்பட்டன. தமிழ் முஸ்லிம்களும் ங, ஞ, ண முதலிய ஒலிகளுக்காக அவ்வாறே செய்து, அரபுத் தமிழ் என்னும் எழுத்துமுறையை வழங்கினர். ஆகவே அரபு எழுத்து தமிழுக்கு முற்றிலும் அயலானதன்று. தமிழோசையைத் தாங்குவதற்காகத் தன் வடிவை ஒருகாலத்தில் விரித்துக்கொண்ட எழுத்து அது.

பள்ளியில் இக்கலை எத்துணைப் பக்கம் பெறினும், அல்லது பெறாதொழியினும், கற்பிக்கும் முறை ஒன்றைக் குறித்துச் சொல்லவேண்டியுள்ளது. எழுத்தின் புறக்கோட்டைத் தாளில் அச்சிட்டு, உள்ளே வண்ணம் தீட்டச் சொல்வது எழுத்துக்கலை கற்பித்தலாகாது. வெண்பாவை அச்சிட்டுக் கொடுத்து, அதன் எழுத்துகளுக்கு வண்ணம் தீட்டச் செய்து, வெண்பா கற்பித்துவிட்டோம் என்பதை அது ஒக்கும். ஒரு புள்ளி, அப்புள்ளியால் அளந்த ஓர் அலிஃப், இவ்விரண்டையும் ஒரு வகுப்பு நேரத்தில் மாணவன் தன் கையால் முயன்று பார்ப்பானாயின், அவன் இக்கலையின் வாயிலை அடைந்தவனாவான்.

முடிவுரை

எழுத்துக்கலை உருவத்தடையின் விளைவு மட்டுமன்று என்பதும், அதன் அழகு புள்ளியால் அளக்கப்படும் விகிதத்தில் பிறப்பது என்பதும், விளையாட்டுப் பலகைகளைக் கொண்டு அதனை எடைபோடலாகாது என்பதும் இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும். கட்டுப்பாடு கலைஞனின் உரிமையைப் பறிக்கும் என்பார்க்கு, ஆயிரம் ஆண்டுகளாக ஒரே அளவையில் எழுதியும் ஒருவர் கை மற்றவர் கையினின்று வேறாகத் தெரியும் இக்கலையே விடை கூறும். இது யாப்பறிந்த தமிழ் மாணவர்க்குப் புதிய செய்தியன்று. நாலடியில் அடங்கிய வெண்பாவில் புலவர்தோறும் வேறு குரல் கேட்டுப் பழகியவர்கள் நாம். அச்செவியறிவு உடையார்க்கு, சுவரிலும் ஏட்டிலும் நிற்கும் அரபு எழுத்தின்முன் சிறிது நின்று, அதன் அளவைக் கண்ணால் கேட்டறிதல் அரிதாகாது.